நடை போதுமா, ஜிம் வேண்டுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். வயது 44. வேளச்சேரியில் வீடு, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் ஐ.டி. வேலை. போன மாதப் பரிசோதனையில், சில மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1 வந்திருக்கிறது. மாத்திரை எதுவும் தராமல், "உடற்பயிற்சி ஆரம்பியுங்கள், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம்" என்று மருத்துவர் அனுப்பியிருக்கிறார். படி இறங்கும்போது வலது முழங்கால் வலிக்கிறது. மனைவி காலையில் தன்னோடு பூங்காவுக்கு நடக்க வரச் சொல்கிறார். அலுவலக நண்பர், நடையெல்லாம் வயதானவர்களுக்கு, ஜிம்மில் சேர் என்கிறார். வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டரில் ஒரு ஜிம். மாதம் 2,500 ரூபாய், ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 18,000. இதற்கு முன் இரண்டு முறை வேறு ஜிம்களில் சேர்ந்து, இரண்டுமே இரண்டு மாதத்தில் நின்றுபோயின. "இந்த முறை வருடக் கட்டணம் கட்டிவிட்டால் ஒழுங்காகப் போவேனா?" என்று முடித்திருக்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. உங்கள் உடம்புக்கு நடை மட்டும் போதுமா என்பது ஒன்று. போதாது என்றால் மீதியை எங்கே செய்வது என்பது இன்னொன்று. முதலாவதற்கு விடை தெரியாமல் இரண்டாவதை முடிவு செய்யப் போனால், மனைவி சொல்வதும் நண்பர் சொல்வதும் மாறி மாறிச் சரி என்றுதான் தோன்றும். நான் சென்னையில் 19 வருடமாக பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் முழங்கால், இடுப்பு வலிக்காரர்கள். அவர்களில் பலருக்குச் சர்க்கரையும் உண்டு. அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்தது. ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. இந்த நிலையில் இருப்பவர்களை வைத்து நம் சென்னையிலேயே ஒரு முக்கியமான ஆய்வு நடந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரைச் சுமார் இரண்டரை வருடம் பின்தொடர்ந்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். உணவையும் உடல் உழைப்பையும் மாற்றிக்கொண்டவர்களில், எதையும் மாற்றாதவர்களோடு ஒப்பிட, நீரிழிவு வரும் அபாயம் ஏறத்தாழ 28 சதவீதம் குறைந்தது. யாரையும் ஜிம்முக்கு அனுப்பவில்லை. தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள் என்பதுதான் முக்கிய அறிவுரை. இன்னொரு விஷயம், எடை பெரிதாகக் குறையாமலேயே இந்தப் பலன் கிடைத்தது. உணவு மாற்றமும் சேர்ந்தே இருந்ததால், அந்த 28இல் நடையின் பங்கு எவ்வளவு என்று தனியே பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் உங்கள் மனைவி சொல்வதற்குப் பின்னால் நல்ல ஆதாரம் இருக்கிறது. நடையைக் குறைத்துப் பேசும் நண்பரின் பேச்சை இந்த விஷயத்தில் கேட்க வேண்டாம்.

ஆனால் நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று என்னால் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு இரண்டு வரி இருக்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்பது ஒரு வரி, அது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் பெரிய தசைகளுக்கெல்லாம் வலுவூட்டும் பயிற்சி என்பது அடுத்த வரி. அதை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. உங்களைப் போன்றவருக்கு இந்த இரண்டாவது வரி ரொம்ப முக்கியம். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். தசை சுருங்கி வேலை செய்யும்போது, இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில்கூட அது சர்க்கரையை உள்ளே இழுக்கும். நம்மூர்க்காரர்களுக்கு, அதே எடையுள்ள ஐரோப்பியரைவிடத் தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருப்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். நாற்பதுக்கு மேல் அந்தக் கொஞ்சத் தசையும் வருடா வருடம் குறையும்.

சமதரையில் நடப்பது இந்தக் குறைவைப் பெரிதாகத் தடுக்காது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்தார், வயது 63. நாகேஸ்வர ராவ் பூங்காவில் பத்து வருடமாக ஒரு நாள் விடாமல் நடப்பவர். இதயம் நன்றாக இருக்கிறது, ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் கல்யாண வீட்டில் தரைப்பந்தியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒருவர் கை கொடுக்க வேண்டும். தினமும் ஒரு மணி நேரம் நடந்தும் ஏன் இப்படி என்று அவருக்குப் புரியவே இல்லை. நடக்கும்போது தொடைக்கு வருவது லேசான சுமை, அதற்கு உடம்பு எப்போதோ பழகிவிட்டது. தரையிலிருந்து எழ வேண்டுமானால் மொத்த உடம்பையும் தொடைகள் தூக்க வேண்டும். அந்த வேலையை அவர் தொடைகள் பார்த்துப் பத்து வருடமாகியிருந்தது.

உங்கள் முழங்காலுக்கும் இது பொருந்தும். படி இறங்கும்போது வலி என்றால் பெரும்பாலும் மூட்டுச்சிப்பியை, அதாவது முழங்காலின் முன்பக்கம் இருக்கும் சின்ன எலும்பைச் சுற்றியுள்ள பிரச்சினையாக இருக்கும், அதில் தொடையின் முன்பக்கத் தசையும் இடுப்புத் தசையும் வலுவானால் வலி குறையும். பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது தவறு. மூட்டு வீங்குகிறது, பாதியில் மாட்டிக்கொள்கிறது, திடீரென்று மடிந்து விழப் பார்க்கிறது என்றால் நான் எழுதும் எதையும் செய்ய வேண்டாம், முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

சரி, வலுப் பயிற்சிக்கு ஜிம் வேண்டுமா? உங்களுடைய இப்போதைய நிலைக்கு, முதல் மூன்று மாதத்துக்கு வேண்டாம். சாப்பாட்டு மேசை நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், பின்பு அதையே மேசை விளிம்பில், ஒரு படி ஏறி இறங்குவது, ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையை மாட்டி இழுப்பது, அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் நடப்பது. இவ்வளவு போதும். லேசான சுமையானாலும், இனி இரண்டு மூன்று முறைக்கு மேல் முடியாது என்கிற அளவுக்குச் செய்தால், கனமான சுமைக்கு ஈடாகத் தசை வளரும் என்பது இன்று நன்கு நிறுவப்பட்ட உண்மை. அதிகபட்ச பலம் வேண்டும் என்றால்தான் கனம் தேவை. நம் தாத்தாக்கள் தண்டால், பஸ்கி (உட்கார்ந்து எழுவது), கர்லா கட்டை என்று இதைத்தான் செய்தார்கள். தோப்புக்கரணமும் தொடைக்கு நல்ல பயிற்சிதான். காதைப் பிடித்துக்கொண்டு போட்டால் மூளை கூர்மையாகும் என்று சுற்றும் செய்திக்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை, அதற்காகச் செய்ய வேண்டாம். உங்கள் முழங்காலுக்கு இப்போதைக்கு முழுத் தோப்புக்கரணமும் வேண்டாம், நாற்காலி உயரம் வரை போதும்.

வீடு எங்கே போதாமல் போகும் என்றும் சொல்ல வேண்டும். கால் சீக்கிரம் வலுவாகிவிடும், இரண்டு மூன்று மாதத்தில் நாற்காலி எழுச்சி சுலபமாகிவிடும். சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால்தான் தசை மேலும் வளரும். அதற்கு ஜிம் வசதியானது, அளவாக ஏற்றலாம். பலர் யோசிக்காத இன்னொரு பக்கமும் உண்டு. ஜிம் என்றால் கனமாகத் தூக்குபவர்களுக்கு என்று நினைக்கிறோம். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழும்போது உங்கள் மேலுடம்பின் எடை முழுவதையும் கால் தூக்கியாக வேண்டும், அந்தச் சுமையை அளவாகக் குறைப்பது கடினம். உட்கார்ந்தபடி காலால் சுமையைத் தள்ளும் லெக் பிரஸ் இயந்திரத்தில் இருபது கிலோவிலிருந்துகூட ஆரம்பிக்கலாம். 100 கிலோ எடையும் மோசமான முழங்காலும் உள்ள ஒருவருக்கு, தன் எடையைவிடக் குறைவான சுமையில் தொடங்க ஜிம்தான் நல்ல இடம். அப்படிப்பட்டவர்களை நானே ஜிம்முக்கு அனுப்பியிருக்கிறேன்.

இதை உங்கள் மனைவியை நினைத்தும் எழுதுகிறேன். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேயும். ஆஸ்திரேலியாவில் 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், நேரடிக் கண்காணிப்பில் கனமான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். எட்டு மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. நடையால் இந்த அளவு எலும்பு வலு வராது. கண்காணிப்பில் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள், யூடியூப் பார்த்து பார்பெல் தூக்குவது இதில் சேராது. உங்கள் மனைவி நாற்பதுகளில் இருந்தால் இப்போதே அவரையும் வலுப் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பூங்காவில் இருக்கும் கருவிகளைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். மாநகராட்சிப் பூங்காக்களில் வண்ணம் பூசி வைத்திருக்கும் கருவிகளில் பெரும்பாலானவற்றில் சுமையைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. உடம்பைத் தளர்த்திக்கொள்ள நல்லது, வலுவுக்கு அதை நம்ப முடியாது. கூழாங்கல் பதித்த எட்டு வடிவ நடைபாதையைப் பற்றி நிறையப் பெருமை பேசுகிறார்கள். எட்டு போட்டு நடப்பதும் நடைதான், அந்த அளவுக்கு நல்லது. சர்க்கரையைக் குணமாக்கும், சைனஸைப் போக்கும் என்பதெல்லாம் நிரூபணமாகாதவை. இதைப் படிக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு எச்சரிக்கை. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் அந்தக் கல் மேல் வெறுங்காலில் நடக்கவே கூடாது. காலில் காயம் பட்டதே தெரியாமல் வீட்டுக்குப் போய், ஒரு வாரம் கழித்துப் புண்ணோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது பணம். வருடக் கட்டணம் கட்டிவிட்டால் அந்த உறுத்தலில் போய்விடுவோம் என்பது எல்லோருடைய நம்பிக்கையும்தான். அமெரிக்காவில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஜிம் உறுப்பினர்களின் வருகைப் பதிவை வைத்து இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாதத்துக்கு 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதம் 4.3 முறைதான் போனார்கள். அதாவது ஒரு முறைக்கு 17 டாலருக்கு மேல் செலவு. அதே ஜிம்மில் பத்து முறைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு முறைக்கு 10 டாலர்தான் ஆகியிருக்கும். கட்டிய பணம் அவர்களை ஜிம்முக்கு இழுத்து வரவில்லை. உங்கள் கணக்கும் எளிது. 18,000ஐ 2,500ஆல் வகுத்தால் ஏழு மாதத்துக்கும் சற்று மேல் வருகிறது. எட்டாவது மாதமும் நீங்கள் போய்க்கொண்டிருந்தால்தான் வருடக் கட்டணத்தில் லாபம். இரண்டு முறை இரண்டே மாதத்தில் நின்றவர், மூன்றாவது முறை எட்டு மாதத்துக்குப் பந்தயம் கட்ட வேண்டாம். சேர்ந்தால் மாதக் கட்டணத்தில் சேருங்கள். "இன்றைக்கே கட்டினால்தான் இந்தத் தள்ளுபடி" என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த நாலு கிலோமீட்டர்தான் எனக்கு ரொம்ப உறுத்துகிறது. சாயங்கால நெரிசலில் வேளச்சேரியில் நாலு கிலோமீட்டர் என்பது போக அரை மணி, வர அரை மணி. இதற்கு ஆய்வு எதையும் காட்டப் போவதில்லை, என் நோயாளிகளிடம் வருடக்கணக்கில் பார்த்ததைச் சொல்கிறேன். தினமும் போகிற வழியிலேயே இருக்கும் இடத்துக்குத் தொடர்ந்து போகிறார்கள். அதற்கென்று தனியாக வண்டியை எடுக்க வேண்டிய இடம் மூன்றாவது மாதத்தைத் தாண்டுவது அபூர்வம். திருமங்கலம் ஆசியாட் காலனியில் நடந்தது இதற்கு ஓரளவு துணை நிற்கிறது. டாக்டர் வி. மோகன் குழுவினர் அங்கே நீரிழிவு பற்றிப் பேசி விழிப்புணர்வை உண்டாக்க, அங்கு குடியிருந்தவர்களே பணம் திரட்டி ஒரு பூங்காவை அமைத்துக்கொண்டார்கள். வாரம் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்பவர்கள் முன்பு ஏழு பேரில் ஒருவராக இருந்தார்கள், சில வருடங்கள் கழித்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் ஆகியிருந்தார்கள். விழிப்புணர்வுக் கூட்டங்களும் நடந்ததால் எல்லாப் புகழையும் பூங்காவுக்கே கொடுக்க முடியாது. ஆனாலும் வாசலுக்குப் பக்கத்தில் ஓர் இடமும், அங்கே தெரிந்த முகங்களும் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் ஊரில் எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குக் கூட வருவதற்கு மனைவியே இருக்கிறார்.

இரண்டு முறையும் ஏன் நின்றீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதை யோசித்துப் பாருங்கள், ஏனென்றால் காரணத்துக்கு ஏற்ப மருந்து மாறும். நேரம் இல்லாமல் நின்றிருந்தால் பக்கத்து இடம்தான் தீர்வு. சலிப்பில் நின்றிருந்தால் துணை வேண்டும், அல்லது ஷட்டில், நீச்சல் போன்ற விளையாட்டு வேண்டும். உடம்பு வலியில் நின்றிருந்தால், ஆரம்பத்திலேயே அதிகம் செய்ய வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். என்னிடம் வந்த ஓர் இளைஞரை ஒரு ஜிம்மில் முதல் நாளே இருநூறு பஸ்கி போட வைத்தார்கள். இரண்டாம் நாள் தொடை வீங்கி, சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனது. தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடக்கூடிய நிலை அது. நாலு நாள் மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். பயிற்சிக்குப் பின் சிறுநீர் அந்த நிறத்தில் போனால், அது ஜிம்மானாலும் வீடானாலும், உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். அதனால் ஒரு ஜிம்மைப் பார்க்கப் போனால், கருவிகளை எண்ணாதீர்கள். நீங்கள் வழக்கமாகப் போகப்போகும் அதே நேரத்தில் போய் அரை மணி நில்லுங்கள். உங்கள் வயதுக்காரர்கள் யாராவது பயிற்சி செய்கிறார்களா, ட்ரெய்னர் உங்கள் சர்க்கரையையும் முழங்காலையும் பற்றித் தானாகக் கேட்கிறாரா, அல்லது முதல் ஐந்து நிமிடத்திலேயே புரோட்டீன் பவுடர் பேச்சு வருகிறதா என்று கவனியுங்கள்.

பூங்கா நடைக்குச் சென்னையில் ஒரு பலவீனம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. மே மாத வெயிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் பழக்கத்தை அறுத்துவிடும். வேளச்சேரியில் தேங்கும் தண்ணீரைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நவம்பரில் பத்து நாள் நின்றவர்களில் பலர் பொங்கல் தாண்டியும் திரும்ப வருவதில்லை. அதனால் மழை நாளுக்கு என்று ஒரு ஏற்பாட்டை இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டவுடன் பத்து பதினைந்து நிமிடம் வீட்டுக் கூடத்திலோ மாடி வராந்தாவிலோ நடப்பது, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையைக் கண்கூடாகக் குறைக்கும். இது நன்றாகச் சோதிக்கப்பட்ட விஷயம். மழை இல்லாத நாளிலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இதைச் செய்யுங்கள்.

ஆக, உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்போதைக்கு எந்த ஜிம்முக்கும் பணம் கட்ட மாட்டேன். வாரம் ஐந்து நாள் மனைவியோடு அரை மணி வேக நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். இரண்டு நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விட்டு, வீட்டில் இருபது நிமிட வலுப் பயிற்சி. ஹெச்பிஏ1சி ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது, அதனால்தான் மருத்துவர் அந்தக் கெடு கொடுத்தார், அதுவரை இப்படியே போங்கள். அப்போது நாற்காலியிலிருந்து தொடர்ந்து பதினைந்து முறை, மூன்று சுற்று, வலியில்லாமல் எழ முடிகிறது என்றால் வீட்டுச் சுமை போதாது என்று அர்த்தம். அப்புறம் அலுவலகத்துக்குப் பக்கத்திலோ போகும் வழியிலோ ஒரு ஜிம் பார்த்து மாதக் கட்டணத்தில் சேருங்கள், வாரம் இரண்டு நாள் போதும். மாறாக, வீட்டில் மூன்று வாரத்தில் ஆறு முறைக்கு நாலு முறை தவறிவிட்டது என்றால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். சிலருக்கு வீட்டில் முடியாது, பிள்ளைகள் கூப்பிடுவார்கள், போன் வரும். அவர்களுக்கு ஜிம் என்பது ஒதுக்கிய நேரமும் ஒதுக்கிய இடமும்தான், அது காசு கொடுக்கத் தகுந்தது.

ஆரம்பிக்கும் முன் ஒரே ஒரு வேலை. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தாலோ, உங்களுக்கு நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், தலைசுற்றல் இருந்தாலோ, மருத்துவரிடம் சொல்லி இதயத்தைப் பரிசோதித்துக்கொண்டு தொடங்குங்கள். நீங்கள் மாத்திரை எடுக்காததால் பயிற்சியின்போது சர்க்கரை தாழ்ந்துபோகும் பயம் இல்லை. இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரைகளோ எடுப்பவர்கள் இதைப் படித்தால், நேரத்தையும் அளவையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சட்டைப் பையில் இனிப்பு ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்காலைப் பற்றி இரண்டு விவரம் எழுதினால் நாற்காலியின் உயரத்தைச் சொல்ல முடியும். படி இறங்கும்போது மட்டும் வலிக்கிறதா, சம்மணமிட்டு எழும்போதும் வலிக்கிறதா? வலி மூட்டுச்சிப்பிக்கு முன்னாலா, உள்பக்கமா? அதுவரை உட்காரும் இடத்தில் இரண்டு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொண்டு ஆரம்பியுங்கள்.